சுவரில் முளைத்த ஆலங்கன்றும் என் மாமியாரும்



ரோஜாப் பதியன் வேர் பிடித்தது, மாடியில் தக்காளி காய்த்துத் தொங்கியது என்று இந்தப் பகுதியில் நீங்களெல்லாம் எழுதுவதைப் படிக்கும்போது நாமும் ஒன்று எழுதலாமே என்று கை துறுதுறுக்கும். ஆனால் என் செடிக் கதை ஆரம்பமே வெட்கக்கேடு. ரூ.1,200 கொடுத்து வாங்கின மரத்தை நாற்பதே நாளில் சாகடித்தவள் நான். அதனால்தான் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை.

நான் பத்தாவது வரை படித்த சாதாரண குடும்பத் தலைவி. வடலூரில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு நெய்வேலியில் ஷிப்ட் வேலை. ஒரே மகள். அப்புறம் என் மாமியார். இந்தக் கடிதத்தில் மரத்துக்குச் சமமாக அவரும் வருவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 கோடை விடுமுறையில் தெருக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்து மைசூர் போனோம். அரண்மனை பார்த்தோம், சாமுண்டி மலை ஏறினோம். கணபதி சச்சிதானந்த ஆசிரமத்துக்கும் கூட்டிப் போனார்கள். அங்கே கிஷ்கிந்தா மூலிகா பொன்சாய் தோட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆலமரம், அரசமரம், புளியமரம் எல்லாம் சோறு வடிக்கிற தட்டு மாதிரி ஒரு தொட்டியில், இடுப்பு உயரம்கூட இல்லாமல் நிற்கின்றன! ஆனால் அடிமரம் கிழட்டு மரம். பட்டை வெடித்து, வேர் புடைத்து, தூரத்தில் நின்று ஊர் எல்லை மரத்தைப் பார்க்கிற மாதிரியே இருக்கிறது. வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், எனக்கோ கால் நகரவில்லை. "உங்கம்மாவை இங்கயே விட்டுட்டுப் போயிடலாம்" என்று மகளிடம் சொன்னார் என் வீட்டுக்காரர்.

திரும்பி வருகிற வழியில் ரோட்டோரம் ஒரு நர்சரியில் வண்டி நின்றது. பொன்சாய் என்று சீட்டு ஒட்டிய தொட்டியைப் பார்த்ததும் சிறுவாட்டுப் பணத்தை எடுத்து நீட்டிவிட்டேன். "வீட்டுக்குள்ளயே வைக்கலாம்மா, வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி தெளிச்சாப் போதும்" என்றார் விற்றவர். பிறந்த குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வந்தவுடன் எங்கே வைத்தேன் தெரியுமா? டி.வி. ஸ்டாண்டு மேல்! வருகிறவர்கள் கண்ணில் படவேண்டுமே. பத்து நாளில் இலை மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பித்தது. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் ஊற்றினேன். இன்னும் கொட்டியது. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று ஒரு கைப்பிடி யூரியாவும் போட்டேன். அவ்வளவுதான். நாற்பதாம் நாள் தொட்டியிலிருந்து பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்துப்போய் சாக்கடை நாற்றம் அடிக்கிறது.

"ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு விறகு வாங்கின ஒரே ஆள் நீதான்" என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார். அதுகூடப் பரவாயில்லை. மாமியார் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது.

"ஏம்மா, ஆகாசத்துக்கு வளர வேண்டிய மரத்தைப் பட்டினி போட்டுக் கையைக் காலைக் கட்டி வச்சா அது எப்படிம்மா உசுரோட இருக்கும்? இதையெல்லாம் இந்த ஊர்ல இருந்துக்கிட்டுச் செய்யலாமா?"

எங்கள் ஊரைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அந்தக் கடைசி வார்த்தை புரியும். பயிர் காய்ந்ததைக் கண்டே கலங்கிய வள்ளலார் வாழ்ந்த மண் இது. 1867-இல் அவர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் சோறு வேகிறது. 1872-இல் கட்டிய ஞானசபையில் தைப்பூசத்துக்கு ஏழு திரை நீக்கி ஜோதி காட்டுவார்கள், ஊரே கூட்டத்தில் பிதுங்கும். என் மாமியார் வாரத்தில் இரண்டு நாள் தருமச்சாலைக்குக் காய் நறுக்கிக் கொடுக்கப் போகிறவர். வாசலில் எறும்புப் புற்று இருந்தால் அதைச் சுற்றித்தான் கோலம் போடுவார். அவரிடம் போய் ஜப்பான் கலை, சீனா கலை என்று பேச முடியுமா? வாயை மூடிக்கொண்டேன். தொட்டியைக் கழுவிப் பரணில் போட்டேன்.

இங்கே மாமியாரின் ஊரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு கிராமம். குளக்கரையில் ஒரு பெரிய ஆலமரம். மாமியார் வாழ்க்கைப்பட்டு வந்தபோது பெரிய பந்தல் போட வசதியில்லாமல் அந்த மரத்து நிழலில்தான் கல்யாணப் பந்தி போட்டார்களாம். மாமனார் வெளியூர் வேலைக்குப் போய்த் திரும்புகிற நாளில் எல்லாம் அங்கேதான் காத்திருப்பாராம். இதையெல்லாம் மாமியார் வாய்விட்டுச் சொன்னதில்லை, நாத்தனார் சொல்லித்தான் தெரியும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டத்துக்காரர்கள் யாரும் அந்த நாளை மறக்க மாட்டார்கள். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. நாங்கள் அப்போது கிராமத்தில்தான் இருந்தோம். கைக்குழந்தையோடு சமையல்கட்டு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். ஓடு பறக்கிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விடிந்து வெளியே வந்தால் குளக்கரையில் வானம் மட்டும்தான் தெரிகிறது. மரம் வேரோடு குளத்துக்குள் கிடந்தது. சென்னை அடையாறு ஆலமரத்துக்கு 1989-இல் புயல் காற்றில் தாய்மரம் விழுந்தும் விழுதுகள் தாங்கி நின்றுகொண்டன என்று படித்திருக்கிறேன். எங்கள் மரத்து விழுதுகளை ஆடு மேய்ப்பவர்களும் ஊஞ்சல் ஆடுகிற பிள்ளைகளும் மண்ணில் ஊன்றவே விட்டதில்லை. பிடித்துக்கொள்ள அதற்கு ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான் வடலூருக்குக் குடிவந்தோம்.

2019-இல் பங்காளிகள் பாகம் பிரித்தார்கள். பழைய வீட்டை இடித்து மனையாகக் கொடுப்பதென்று முடிவாயிற்று. இடிப்பதற்கு முதல் நாள் பித்தளைப் பாத்திரம், உரல், அம்மி எடுத்து வரப் போயிருந்தோம். சமையல்கட்டு வெளிச்சுவரில், தண்ணீர் கசிகிற விரிசலில், ஓர் ஆலங்கன்று! கட்டைவிரல் தடிமன், முக்கால் முழ உயரம். காக்காயோ மைனாவோ பழம் தின்று போட்ட எச்சத்தில் முளைத்திருக்கும். வீட்டில் ஆள் இருந்தால் சின்னதிலேயே பிடுங்கிப் போட்டிருப்போம், சுவரைப் பிளந்துவிடும் என்று. ஆளில்லாத வீடு, அதனால் பிழைத்துக் கிடந்தது.

எனக்கு மைசூர் ஞாபகம் வந்துவிட்டது. மாமியார் முகத்தைப் பார்த்தேன். "நாளைக்கு ஜே.சி.பி. வந்தா இது மண்ணோட மண்ணாப் போயிடும் அத்தை. நான் எடுத்துக்கட்டுமா?" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "தரையில எங்கயாச்சும் வச்சா என்ன?" என்றார். எங்களுக்கு இருப்பது ஒன்றரை சென்ட் வீடு, சுற்றி நடக்கவே இடமில்லை. அவருக்கும் அது தெரியும். "சரி, எடு. இதையும் கொன்னுடாத" என்றார்.

உளி வைத்து ஒவ்வொரு செங்கல்லாகப் பெயர்க்க அரை நாள் ஆயிற்று. வேர் விரிசலுக்குள் அழுந்தி அழுந்தி ரிப்பன் மாதிரித் தட்டையாக ஓடியிருந்தது. ஒரு செங்கல் துண்டை மட்டும் விரல்களால் பிடித்த மாதிரி வேர் இறுக்கிக்கொண்டு விடவே இல்லை. இழுத்தால் வேர் அறும். அப்படியே ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்துவிட்டேன். கல்லை வேர் கவ்விக்கொண்டு நிற்பதே பொன்சாயில் ஒரு தனி பாணி என்று பிற்பாடுதான் தெரிந்தது. தெரியாமல் செய்தது நல்லதாகப் போயிற்று.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய தோட்டக்கலைப் புத்தகம் ஒன்றைப் படித்தேன். மகள் போனில் தேடிக் காட்டினாள். தெரிந்த ஒரு நர்சரிக்காரரிடம் வெட்கப்படாமல் கேட்டேன். என் முதல் மரம் ஏன் செத்தது என்று அப்போதுதான் விளங்கியது. பொன்சாய் என்பது ஏதோ தனிச் செடி இல்லை. சாதாரண மரம்தான். ஜப்பான் மொழியில் ‘பொன்’ என்றால் ஆழமில்லாத தட்டு, ‘சாய்’ என்றால் நடுவது. சீனாவில் தொடங்கி ஜப்பானுக்குப் போன வித்தை. மரம் என்றால் வெயில் வேண்டாமா? டி.வி. மேல் வைத்தால் அதற்கு இருட்டறை வாசம். வெயிலில்லாத மரம் தண்ணீரையும் குடிக்காது. குடிக்காத மரத்துக்கு நான் வேளைக்கு ஒரு டம்ளர் ஊற்றியிருக்கிறேன். வேர் மூச்சுவிட முடியாமல் அழுகிவிட்டது. அழுகிய வேருக்கு யூரியா வேறு!

பட்டினி போடுவது என்று மாமியார் சொன்னாரே, அதுவும் அப்படி இல்லை என்று தெரிந்துகொண்டேன். பட்டினி போட்டால் மரம் சிறியதாகாது, செத்துத்தான் போகும். நுனியைக் கிள்ளுவதாலும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தரம் வேரைக் கழிப்பதாலும்தான் அளவில் நிற்கிறது. மற்றபடி உரம், தண்ணீர், வெயில் எல்லாம் முறையாகக் கொடுத்தாக வேண்டும். தரையில் இருக்கிற மரம் ஒரு வாரம் கவனிக்காவிட்டாலும் வேரை நீட்டித் தண்ணீர் தேடிக்கொள்ளும். தட்டில் இருப்பது நம்மைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்.

எடுத்தவுடன் தட்டில் நடக்கூடாது என்பது நான் கற்ற இன்னொரு பாடம். முதல் இரண்டு வருடம் அகலமான பெரிய தொட்டியில் விட்டுவிட்டேன். அப்போதுதான் அடிமரம் பருக்கும். மண் கலப்பதில் ஒரு கூத்து நடந்தது. செங்கல் சில்லு கலக்க வேண்டும் என்றார்கள், தண்ணீர் தேங்காமல் இறங்குவதற்கு. எங்கள் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலில் செய்கிற சாம்பல் கல்தான் எங்கே பார்த்தாலும் கிடக்கும். அதையே உடைத்துச் சல்லடையில் சலித்து மூட்டை கட்டி வைத்துவிட்டேன். நர்சரிக்காரர் பார்த்துவிட்டு, "அதுல சுண்ணாம்பும் சிமெண்டும் சேர்ந்திருக்கும்மா, வேருக்கு ஆகாது. சூளையில சுட்ட நாட்டுச் செங்கல் வேணும்" என்றார். இடித்த வீட்டிலிருந்தே இரண்டு சாக்கு செங்கல் கொண்டுவரச் சொன்னேன். பட்டாணி அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துக் கொட்டிவிட்டு, இரண்டு பங்கு சில்லு, ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கின சாணி எரு. இவ்வளவுதான் என் கணக்கு. கொஞ்சம் முன்னே பின்னே போனால் குற்றமில்லை, ஆனால் தண்ணீர் ஊற்றினால் நின்று தேங்காமல் உடனே அடியில் வந்துவிட வேண்டும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2020-இல் ஊரடங்கு. வெளியே போக வழியில்லை, எல்லாரும் வீட்டில். எனக்கு அந்த மரம்தான் பொழுதுபோக்கு. மாமியார் மட்டும் மாடிக்கு வந்தால் அதைப் பார்க்காத மாதிரியே துணி காயப்போட்டுவிட்டு இறங்கிவிடுவார்.

2021 ஆடியில் தட்டுக்கு மாற்றினேன். கடையில் விற்கிற பீங்கான் தட்டு விலை கேட்டாலே தலை சுற்றும். சந்தையில் அகலமான மண் சட்டி ஒன்று நூற்று இருபது ரூபாய்க்கு வாங்கி வந்தேன். மாமியார் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, மீன் சட்டி?" என்று அலறிவிட்டார். எங்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. "புதுச் சட்டிதான் அத்தை, மீன் வாசனையே அறியாது" என்று சமாதானம் சொல்லி, வீட்டுக்காரரை அடியில் நாலு ஓட்டை போடச் சொன்னேன். சட்டியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, கவிழ்த்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே டிரில்லிங் மெஷினை மெதுவாக ஓட்டினால் விரியாது. ஓட்டை மேல் ஜன்னல் கொசுவலைத் துண்டு. அதன் மேல் மண். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிக்கக்கூடாது. வெட்டும் கத்தரி கூராகச் சுத்தமாக இருக்க வேண்டும். ஆலில் வெட்டிய இடத்திலெல்லாம் பால் வடியும், ஈரத் துணியால் ஒத்தி எடுத்தால் நின்றுவிடும். மரம் ஆடாமல் இருக்க அடி ஓட்டை வழியே கம்பி விட்டு வேரோடு கட்டிவிட வேண்டும். ஆடினால் புது வேர் அறுந்துபோகும். பிறகு மூன்று வாரம் நிழலில் வைத்தேன். இலை எல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றது. அந்த மூன்று வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை, மறுபடியும் கொன்றுவிட்டோமோ என்று. இருபத்திரண்டாம் நாள் கிளை நுனியில் சிவப்பாக ஒரு மொட்டு விரிந்தது. ஓடிப்போய் வீட்டுக்காரரை எழுப்பினேன். நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுத்திருந்தவர் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்!

அப்புறம் கம்பி. கிளையை வளைத்துப் பக்கவாட்டில் படியவைக்கக் கம்பி சுற்றுவார்கள். மோட்டார் காயில் கட்டுகிற கடையிலிருந்து வீட்டுக்காரர் செம்புக் கம்பி வாங்கி வந்தார். 2022 மாசி மாதம் நாலு கிளைக்குச் சுற்றினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாமியார் அன்றைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். கேட்டால் "பசி இல்லை" என்றார்.

சித்திரையில் என் அம்மாவுக்குப் புதுச்சேரியில் அறுவை சிகிச்சை. நான்தான் கூட இருக்க வேண்டும். பன்னிரண்டு நாள். கத்தரி வெயில் வேறு ஆரம்பித்துவிட்டது. தட்டு மரம் ஒரு நாள் வெயிலுக்குக் காய்ந்துவிடும். வீட்டுக்காரருக்கு ஷிப்ட், மகளுக்குப் பரீட்சை. மாமியாரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர் பாவம் என்று சொல்கிற காரியத்துக்கு அவரையே எப்படிக் காவல் வைப்பது? மகளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது அம்மா ஞாபகத்தோடு இதுவும் வந்து வந்து போகும். அம்மா உடம்பு இப்படி இருக்கும்போது மரத்தை நினைக்கிறோமே என்று என்மேலேயே கோபம் வரும். போனில் கேட்டால் மகள் "இருக்கும்மா, இருக்கு" என்பாள். அவ்வளவுதான்.

பதின்மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து பையைக்கூட வைக்காமல் மாடிக்கு ஓடினேன். மரத்தைக் காணோம்! தேடினால் தண்ணீர்த் தொட்டி நிழலில், காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில், ஈரச் சாக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. இலை பளபளவென்று இருக்கிறது. ஆனால் நான் சுற்றிய கம்பி ஒன்றுகூட இல்லை. துண்டு துண்டாக வெட்டி ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு வைத்திருந்தது.

மாமியார் பின்னாலேயே வந்து நின்றார். "திட்டறதுன்னா திட்டிக்கோம்மா. கழுத்துல கயிறு இறுக்கின மாதிரி கம்பி தோலுக்குள்ள போயிடுச்சு. பாத்துக்கிட்டு இருக்க முடியல. சுத்தி எடுக்கப் பாத்தேன், கிளை நோகுது. அதான் அவன் கட்டிங் பிளேயரை எடுத்து முடிச்சு முடிச்சா நறுக்கிட்டேன்."

குனிந்து பார்த்தேன். மூன்று கிளையில் கம்பி சுற்றிய தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் பட்டை கம்பியை மூடி விழுங்கியிருக்கும். ஆல் வேகமாகப் பருக்கிற மரம், வெயில் காலத்தில் நாலைந்து வாரத்துக்கு ஒரு தரம் கம்பியைப் பார்த்தாக வேண்டும். நான் இரண்டு மாதத்துக்கு மேல் விட்டிருக்கிறேன். கம்பியை எடுக்கும்போது பிரித்துச் சுற்றக்கூடாது, கிளை ஒடியும், துண்டு துண்டாக வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று என் புத்தகத்திலேயே இருக்கிறது. நான் அதைப் படித்தும் மறந்தவள். அவர் படிக்காமலே செய்திருக்கிறார்.

"சரியாத்தான் பண்ணியிருக்கீங்க அத்தை" என்றேன். எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த நிம்மதியோ என்னவோ, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவர் மரத்து வேரைத் தடவிக்கொண்டே, "இது நம்ம அடுப்பங்கரைச் செங்கல்தானே? இந்தப் பக்கம் பாரு, புகை ஏறியிருக்கு" என்றார். மூன்று வருடமாக வளர்க்கிறேன், அந்தக் கருப்பு, அடுப்புப் புகை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அதிலிருந்து கம்பி சுற்றுவதை விட்டுவிட்டேன். கிள்ளியும் வெட்டியுமே வடிவம் கொண்டுவரலாம். ஆறேழு இலை விட்டதும் இரண்டு மூன்று இலைக்கு வெட்டிவிட்டால் பக்கக் கிளை வரும், நாளடைவில் புது இலை சிறுத்து வரும். மெதுவாகத்தான் ஆகும், ஆகட்டுமே. தண்ணீர் விடுவதற்கு மணிக்கணக்கு இல்லை. விரல் நுனியை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல் மண் காய்ந்திருந்தால் அடி ஓட்டையில் வழிகிற வரை ஊற்றுவது. அக்னி நட்சத்திரத்தில் இரண்டு வேளை, ஐப்பசி அடைமழையில் ஒரு வேளையும் கிடையாது. மழை நாளில் தட்டின் ஒரு பக்கத்தில் அரைச் செங்கல் முட்டுக் கொடுத்துச் சாய்த்து வைத்தால் தண்ணீர் நிற்காது. கடலைப் பிண்ணாக்கை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து மாதம் ஒரு தரம் கொடுக்கிறேன். நாற்றத்துக்கு எதிர்வீட்டில் ஜன்னல் சாத்துவார்கள். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்கால நேரத்தில் தெளித்தால் போகும்.

வீட்டில் ஆலமரம் வைத்தால் ஆகாது என்று தெருவில் இரண்டு பேர் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பதில் சொன்னது நான் இல்லை. "எங்க வீட்டுச் சுவத்துல பொறந்தது, எங்க வீட்டுல இருக்காம எங்க போகும்?" என்று மாமியாரே கேட்டுவிட்டார்.

ஒரு நாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே மகள் படித்த ஒரு செய்தியை அவருக்குச் சொன்னேன். ஜப்பானில் 1625-ஆம் வருடத்திலிருந்து வளர்க்கிறார்கள் என்று சொல்லப்படும் ஒரு பைன் மரம், யாமாகி என்ற குடும்பத்தாரிடம் இருந்தது. 1945 ஆகஸ்ட் 6-ந் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் அவர்கள் வீட்டு மதிலுக்குப் பின்னால் நின்றதால் தப்பித்தது. 1976-இல் அந்த மரத்தை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்கள். வாஷிங்டனில் இன்னும் இருக்கிறது. குண்டுக்குத் தப்பின மரம் அது என்ற விவரம் 2001-இல் பேரப்பிள்ளைகள் பார்க்கப் போனபோதுதான் அங்கே இருந்தவர்களுக்கே தெரிந்ததாம். கேட்டுக்கொண்டிருந்த மாமியார் முதலில் கேட்டது: "அந்த வீட்டு ஜனங்க?" கண்ணாடி குத்தின காயத்தோடு தப்பித்துவிட்டார்கள் என்றேன். "அதான் மரத்துக்குத் தண்ணி ஊத்த ஆள் இருந்திருக்கு" என்று கீரைக் காம்பை ஒதுக்கினார்.

புதிதாக ஆரம்பிக்கிற தோழிகள் ரூபாயைக் கொட்டி வெளியூர் மரம் வாங்காதீர்கள். உங்கள் வீட்டு மாடிச் சுவரையோ கிணற்றடியையோ பாருங்கள், ஆலோ அரசோ அத்தியோ ஒன்று இருக்கும். எப்படியும் பிடுங்கிப் போடப்போகிற கன்றுதான். தப்பு செய்தாலும் பொறுத்துக்கொள்கிற ஜாதி. இரண்டு மூன்று கன்றாக எடுத்து வைத்தால் இன்னும் நல்லது, ஒன்று போனாலும் மனசு உடையாது. கட்டாயம் வெளியே வையுங்கள். விருந்தாளி வந்தால் ஒரு மணி நேரம் கூடத்தில் வைத்துக் காட்டிவிட்டுத் திரும்ப வெயிலுக்குக் கொண்டுபோய் விடுங்கள்.

எங்கள் மரம் இப்போது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல். போன ஐப்பசி மழையில் முதல் விழுது விட்டது, நூல் மாதிரி. தட்டில் வந்து ஊன்றட்டும் என்று மாமியார் ஒரு ஜூஸ் குழாயை நெடுக வெட்டி அதற்குத் தாங்கலாகக் கட்டி வைத்திருக்கிறார். நெய்வேலி குவார்ட்டர்சிலிருந்து ஒரு அம்மா வந்து பார்த்துவிட்டு ஐயாயிரம் தருகிறேன் என்றார்கள். வீட்டுக்காரர் என்னைப் பார்க்க, நான் அத்தையைப் பார்க்க, "மோர் குடிங்கம்மா" என்று அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

வருகிற ஆடியில் மறுபடியும் வேர் கழித்து மண் மாற்ற வேண்டும். கத்தரியைச் சாணை பிடித்து வைத்துவிட்டேன். எந்தத் தேதி என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லியிருக்கிறார் மாமியார். அன்றைக்குக் காலையிலேயே தருமச்சாலைக்குக் கிளம்பிவிடுவாராம், வெட்டுவதைப் பார்க்க மனசு கேட்காதாம். கட்டிவைக்கிற போது மட்டும் கூப்பிடச் சொன்னார்.

- ஒரு வாசகி, வடலூர்.